ஏற்காடு மலைப்பாதைக்கு ஹெட்லைட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 2012இல் வாங்கிய சின்ன கார். வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து, இருட்டியபின் ஏற்காட்டிலிருந்து சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்கு இறங்குகிறீர்கள். சில நாள் அப்பா ஓட்டுகிறார், அவருக்கு 61 வயது. வெளிச்சம் போதவில்லை. இணையத்தில் 20,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்ட எல்இடி பல்ப் ஒரு ஜோடி பார்த்து வைத்திருக்கிறீர்கள். கடைக்காரர் ஒருவர் அதெல்லாம் வேண்டாம், 100/90 வாட் ஹாலஜன் பல்ப் போடுங்கள் என்கிறார். இதில் எது சரி, நீங்களே மாட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டுவது பத்து நிமிட வேலை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இருப்பது, இருபது கொண்டை ஊசி வளைவிலும் ரோடு தெரிய என்ன வழி என்பதுதான். அதற்கு இந்த இரண்டு பல்புமே பதில் இல்லை. நான் சேலத்தில் இருபத்திரண்டு வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன். லைட் போதவில்லை என்று வந்த பழைய கார்களில் பெரும்பாலானவற்றில் குறை பல்பில் இருந்ததே இல்லை.

முதலில் அந்த 20,000 லூமனைப் பார்த்துவிடுவோம். உங்கள் காரில் இருப்பது எச்4 என்கிற இரட்டை இழை ஹாலஜன் பல்ப், 60/55 வாட், அதாவது பிரைட்டில் 60, டிம்மில் 55. அளவுப்படி ஒரு பல்ப் பிரைட்டில் சுமார் 1,650 லூமன், டிம்மில் சுமார் 1,000 லூமன் தரும். அதாவது கம்பெனியிலிருந்து புதிதாக இறங்கிய காரே டிம்மில் இரண்டு பல்பும் சேர்த்து 2,000 லூமன்தான். எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 20,000 லூமனுக்கு 200 வாட் இழுக்க வேண்டும். அதே டப்பாவின் பக்கவாட்டில் 30 வாட், 40 வாட் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கணக்கு எங்கே இடிக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, லூமன் பொய்யாகவே இருக்கட்டும், பழையதைவிடப் பளிச்சென்று எரிகிறதே என்று கேட்பீர்கள். எரியும். சிக்கல் வேறு இடத்தில். எச்4 பல்பை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள், கண்ணாடியைத் தொடாமல். உள்ளே டிம் இழைக்கு அடியில் குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். டிம் போட்டால் இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு, கீழ்நோக்கி ரோட்டில் விழும். கீழ் பாதிக்குப் போகவேண்டிய வெளிச்சத்தை அந்தத் தகடு மறித்துவிடும். எதிரே வருகிறவர் கண்ணைக் காப்பாற்றுவது அந்தக் கரண்டிதான். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவையும், மயிரிழை மாதிரியான அந்த இழை இன்ன இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். எல்இடியில் இழை கிடையாது. ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் வெளிச்சம் தரும் சில்லு (சிப்) ஒட்டியிருக்கும். பட்டையின் தடிமன் கொஞ்சம் கூடினாலும், சில்லு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும், வெளிச்சம் போகவேண்டிய இடம் மாறிவிடும். சுவரில் அடித்துப் பார்த்தால் வெள்ளையாகக் கண்ணைப் பறிக்கும். ரோட்டில் பார்த்தால் பம்பருக்கு முன்னால் பத்தடி பளீரென்றும், அதற்கு அப்பால் தூரம் மங்கியும், மீதி எதிராளி கண்ணிலும் போயிருக்கும். பக்கத்தில் பளீரென்று இருந்தால் நம் கண் அதற்குப் பழகிக்கொள்ளும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிவிடும். 'லைட் சூப்பர், ஆனா ரோடு தெரியலை' என்று வருகிறவர்களின் கதை இதுதான்.

நானே இதில் பட்டவன். எல்இடி புதிதாக வந்த சமயம், ஆசையில் என் சொந்த காருக்கு ஒரு ஜோடி மாட்டிக்கொண்டு மார்கழியில் ஏற்காடு போனேன். அடிவாரத்திலிருந்து பாதி மலை வரை ராஜா மாதிரி இருந்தது. மேலே போகப் போகப் பனிமூட்டம். முன்னால் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது, ரோட்டோரத்து வெள்ளைக்கோடுகூடத் தெரியவில்லை. இறங்கி வந்த பஸ் டிரைவர் இரண்டு தடவை டிம் அடிக்கச் சொல்லி லைட் போட்டார். நான் டிம்மில்தான் இருந்தேன். பக்கத்தில் வந்து நிறுத்திவிட்டு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. மறுநாள் கழற்றிய பல்ப் இன்னும் பட்டறை அலமாரியில் கிடக்கிறது. இன்னொரு சின்ன விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. பல்புக்குப் பின்னால் ஃபேன் நீட்டிக்கொண்டிருந்ததால் ரப்பர் மூடி சரியாக மூடவில்லை. பனி ஈரம் உள்ளே போய் ஹெட்லைட் கண்ணாடிக்குள் முத்து முத்தாக நின்றது. ஹாலஜன் சூடு அதைக் காய வைத்துவிடும், எல்இடி முன்பக்கம் அவ்வளவு சூடு தராது.

எல்லா எல்இடியும் மோசம் என்று நான் சொல்லவில்லை. கம்பெனியிலேயே எல்இடிக்கென்று வடிவமைத்து வரும் ஹெட்லைட் அருமையானது. ஹாலஜனுக்கென்று செய்த ஹெட்லைட் கூட்டில் போடும் எல்இடியிலும் இழையின் இடத்தைக் கவனமாகப் பின்பற்றிச் செய்த பல்புகள் உண்டு. ஜெர்மனியில் அப்படிச் சிலவற்றைக் குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும் சோதித்து அனுமதித்திருக்கிறார்கள். குறிப்பிட்ட மாடலுக்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள். ஒரே பல்ப் ஒரு கூட்டில் சரியாகவும் இன்னொன்றில் தப்பாகவும் விழும். உங்கள் கூட்டில் எப்படி விழும் என்பதைச் சுவரில் அடித்துப் பார்க்காமல் நானோ விற்கிறவரோ சொல்ல முடியாது.

100/90 பல்ப் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, வேண்டாம். டிம்மில் இப்போது இரண்டு பல்பும் சேர்த்து 9 ஆம்பியர் சொச்சம் இழுக்கின்றன. அது 15 ஆகும். பிரைட்டில் 16, 17 தொடும். உங்கள் காரின் ஒயரும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்சும் அதற்காகப் போட்டவை அல்ல. என்னிடம் வந்த ஒரு காரில் ஹோல்டர் உருகிப் பல்போடு ஒட்டிக்கொண்டு, பிடுங்கும்போது பல்பின் உலோக முள் கையோடு வந்துவிட்டது. ஒயரின் மேல் தோல் மொறுமொறுவென்று அப்பளம் மாதிரி உடைந்தது. நெருப்புப் பிடிக்காதது அவர் அதிர்ஷ்டம். கூடுதல் சூட்டில் ரிஃப்ளெக்டர் பூச்சும் மங்கும். அது மங்கினால் எந்தப் பல்ப் போட்டும் பிரயோஜனமில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ரோட்டில் யார் பிடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பிடிக்காத நாள்தான் அதிகம். ஆனால் ஒரு விபத்து என்று வந்தால் முதலில் பார்க்கப்படுவது இதுதான்.

இனி உருப்படியான வேலைக்கு வருவோம். ஒரு பைசா செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். பகலில் காருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஹெட்லைட் கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே வெயிலைத் தாங்க ஒரு பூச்சு இருக்கும். சேலத்து வெயிலில் பத்துப் பன்னிரண்டு வருடம் தெருவிலேயே நின்ற காருக்கு அந்தப் பூச்சு போய், கண்ணாடி பழைய மோர் மாதிரி மஞ்சளாகியிருக்கும். உள்ளே பல்ப் தெளிவாகத் தெரியவில்லை என்றால் வெளிச்சம் வெளியே வரும்போதும் அப்படித்தான் கலங்கி வரும். பாதி வெளிச்சம் ரோட்டுக்கே வராது, வருவதும் சிதறி எதிராளி கண்ணைக் கூசச்செய்யும்.

இதை வீட்டில் தாராளமாகச் செய்யலாம். பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) 800, 1000, 1500, 2000 நம்பர் என்று ஒவ்வொரு தாள் வாங்குங்கள். சுற்றிலும் பாடி பெயிண்டின் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று ஒட்டுங்கள். பக்கெட் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு. 800இல் தேய்க்கும்போது முதலில் மஞ்சள் பாலாக வழியும். அது வெள்ளைப் பாலாக மாறும்வரை ஒரே திசையில் தேய்க்க வேண்டும். அடுத்த தாளுக்குக் குறுக்குத் திசை, அப்போதுதான் முந்தைய கீறல் போய்விட்டதா என்று தெரியும். 2000 முடிந்ததும் கண்ணாடி மங்கலாக, உறைபனி படிந்த மாதிரி இருக்கும். பயந்துவிடாதீர்கள், பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் துணியால் அழுத்தித் தேய்த்தால் தெளிந்துவிடும். அதன்மேல் யுவி தாங்கும் கிளியர் கோட் கட்டாயம் அடிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சில மாதத்தில் மறுபடியும் மஞ்சள்தான். பற்பசை போட்டுத் தேய்ப்பது நாலு நாள் கூத்து. கொசு விரட்டி ஸ்ப்ரே அடித்துத் துடைக்கும் வீடியோவைப் பார்த்துச் செய்யவே செய்யாதீர்கள், அது பிளாஸ்டிக்கையே கரைத்துத்தான் பளபளப்புக் காட்டுகிறது. மஞ்சள் உள்பக்கம் என்றால் இந்த வேலை உதவாது, கூட்டையே மாற்ற வேண்டும். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சைத் துணியால்கூடத் தொடாதீர்கள், கையோடு வந்துவிடும்.

அடுத்தது வோல்டேஜ். என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியின் உயிர்நாடி இதுதான், யாரும் பார்ப்பதில்லை. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு சேர்ந்து ஒரே விகிதத்தில் குறையாது, மடமடவென்று சரியும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பல்பின் லூமன் அளவெல்லாம் 13.2 வோல்ட்டில் எடுத்தவை. பேட்டரியிலிருந்து சுவிட்ச், அங்கிருந்து ஃபியூஸ், கப்ளர் (ஒயரை இணைக்கும் பிளக்), மெல்லிய ஒயர் என்று சுற்றி வரும்போது சில பழைய கார்களில் பல்புக்கு 12 வோல்ட்கூட வருவதில்லை. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு, டிம் போட்டு, முதலில் பேட்டரி டெர்மினலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 13.8இலிருந்து 14.4க்குள் இருக்க வேண்டும். பிறகு பல்ப் கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கமாக மீட்டர் முனையைச் சொருகிப் பல்பின் டிம் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள். கழற்றி அளந்தால் லோடு இல்லாமல் 14 காட்டி ஏமாற்றும், புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் தவறுவார்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங்கைத் தொட வேண்டாம். ஒன்று, ஒன்றரை என்றால் திருடன் அகப்பட்டுவிட்டான்.

இதற்கு வழி ரிலே, அதாவது பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்குக் கரண்ட் கொடுக்கும் தானியங்கி சுவிட்ச். அதைப் போடுவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். ஹெட்லைட்டிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றி, துரு, பெயிண்ட் எல்லாம் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியவைத்து மறுபடி முடுக்குங்கள். பல கார்களில் இதிலேயே முக்கால் வோல்ட் திரும்பி வந்திருக்கிறது. அதிலும் போதவில்லை என்றால் ரிலே கிட். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, செராமிக் ஹோல்டரோடு ரெடிமேடாகவே கிடைக்கிறது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் பின்னுக்கு, 87இலிருந்து பல்புக்கு, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில். உங்கள் பழைய கப்ளர் இனி 85, 86 வழியாக ரிலேயை இயக்குவதற்கு மட்டும். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஒயர் உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்றுவது அது ஒன்றுதான். சில கார்களில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்காமல் கிட்டைச் சொருகினால் டிம்மும் பிரைட்டும் குழம்பும். டெஸ்ட் லேம்ப் பிடித்துப் பழக்கமில்லை என்றால் இந்த ஒரு வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் வழியாக லைட்டைக் கட்டுப்படுத்தும் புது கார்களில் நானே ஒயரை வெட்ட மாட்டேன். ரிலே போட்டபின் பல்ப் முன்பைவிடச் சீக்கிரம் போகும். முழு வோல்டேஜில் எரிகிற விலை அது. கூடவே அதே 60/55இல் நல்ல புதுப் பல்ப் ஒரு ஜோடி போட்டுவிடுங்கள், பழையதில் கண்ணாடி கறுத்திருக்கும். '130 சதவீதம் அதிகம்' என்று வரும் பல்புகள் ரோட்டின் ஒரு பகுதியில் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தரும் என்பது நிஜம், ஆயுள் குறைவு என்பதும் நிஜம். மாட்டும்போது விரல் பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறித் தெறிக்கும்.

கடைசியில் திசை. கண்ணாடி, வோல்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் லைட் மரத்து உச்சியைப் பார்த்தால் என்ன பயன்? சமதளமான தரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டயரில் சரியான காற்று, டிரைவர் சீட்டில் ஒரு ஆள், காருக்குள் ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் லெவல் திருகு பூஜ்யத்தில். தரையிலிருந்து பல்பின் நடு உயரத்தை அளந்து சுவரில் அதே உயரத்தில் டேப் ஒட்டுங்கள். டிம்மின் மேல்விளிம்பு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பல கார்களில் ஹெட்லைட் கூட்டிலேயே 1% என்று அச்சடித்திருப்பது இதைத்தான். இடது பக்கம் மட்டும் விளிம்பு மேலே ஏறிப் போகும், அது கோளாறு கிடையாது, நம் நாட்டில் ரோட்டின் இடது ஓரம் தெரிவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் காப்பிக்கொட்டை மூட்டையுமாக இறங்கும் நாளில் லெவல் திருகை 2க்குத் திருப்பிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் நேர் ரோட்டில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கொண்டை ஊசி வளைவு வேறு கணக்கு. வளைவில் திரும்பும்போது ஹெட்லைட் பார்ப்பது நேரே பள்ளத்தை, நீங்கள் போகவேண்டியது பக்கவாட்டில். அங்கே பத்து மடங்கு வெளிச்சம் இருந்தாலும் பள்ளத்து மரம்தான் தெரியும். மலையில் தேவை அகலம், தூரம் அடுத்தபடி. காட்டெருமை நிற்பதும் ஓரத்தில்தான், கறுப்பு உடம்பு, முழங்காலுக்குக் கீழே உள்ள வெள்ளைதான் முதலில் கண்ணில் படும். அதனால் காசு செலவழிக்கத் தோன்றினால் ஃபாக் லேம்ப்பில் (பம்பரில் தாழ்வாக மாட்டும் பனி விளக்கு) போடுங்கள். உங்கள் மாடலின் விலை கூடிய வகையில் அது வந்திருந்தால் பம்பரில் அதற்கு இடம் விட்டிருப்பார்கள், கம்பெனி ஆக்சஸரியாகவே வாங்கலாம். தாழ்வாக, அகலமாக, மேலே போகாமல் விழும் வெளிச்சம் வளைவுக்கும் பனிக்கும் இரண்டுக்கும் உதவும். மஞ்சளா வெள்ளையா என்ற சண்டையில் ஒரு பக்கம் தெளிவு: மஞ்சள் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்பது சரியில்லை. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட ரொம்பப் பெரியது, எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நீலம் கலந்த வெள்ளை கண்ணை அதிகம் கூசவைக்கும், மஞ்சள் கண்ணுக்கு இதம் என்பது பலரின் அனுபவம், எனக்கும் அப்படித்தான். இதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பனியில் பிரைட் போடவே கூடாது என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று. வயது 60ஐத் தொடும்போது கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சம் இளவயதில் போனதைவிட ரொம்பக் குறைவு, கூச்சம் தெளிய நேரமும் அதிகம் பிடிக்கும். கண்புரை தொடங்கியிருக்கிறதா என்று ஒரு முறை காட்டிவிடுங்கள், அது என் தொழில் இல்லை. முன் கண்ணாடியின் உள்பக்கத்தைச் செய்தித்தாளும் தண்ணீரும் கொண்டு துடைப்பது என் தொழில்தான். அதில் படிந்திருக்கும் புகைப் படலம் எதிர் லைட்டைப் பூப்பூவாக்கிக் காட்டும், இன்றைக்கே துடையுங்கள்.

கண்ணாடி, எர்த், திசை மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். பேட்டரியில் எத்தனை வோல்ட், பல்பில் எத்தனை வோல்ட், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதிப் போடுங்கள். ரிலே வேண்டுமா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த எல்இடி ஆர்டரை நிறுத்தி வையுங்கள்.